85 சென்டிமீட்டர் பொட்டலம்

யேனா, ஜெர்மனி
நவம்பர் முதல் வாரம்

அன்புள்ள மதினிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்கள்: "அத்தை ஊருக்கு வந்ததுலேர்ந்து பொட்டலம் பொட்டலம்னே சொல்லிக்கிட்டு இருக்காங்களே, அங்க அப்படி என்னதான் மடிச்சீங்க?" அன்றைக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவசரமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே பிள்ளைகள் ஆறு வயதில்தான் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறார்கள். எங்கள் துரிங்கியா மாநிலத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பள்ளிச் சேர்க்கை விழா நடக்கும். தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தி எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தி வந்துவிடுவார்கள். நம் பக்கத்தில் விஜயதசமி அன்று அரிசியில் எழுதவைப்பதுபோல இதுவும் குடும்பம் கூடிச் செய்கிற காரியம். அன்றைக்குப் பிள்ளையின் கையில் ஒரு பெரிய அட்டைக் கூம்பைக் கொடுப்பார்கள். உள்ளே மிட்டாய், பென்சில், வண்ணக்கட்டி, சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான். இந்தப் பகுதியில் அதற்கு 'சுக்கர்ட்யூட்டே' என்று பெயர். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் சர்க்கரைப் பொட்டலம். பள்ளியின் முதல் நாளில் இப்படிக் கொடுத்ததற்கு 1817-ஆம் ஆண்டிலேயே எங்கள் யேனா நகரில் குறிப்பு இருக்கிறது. ஆக, நாங்கள் குடியிருப்பது இந்தப் பொட்டலத்தின் தாய்வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் இது உருண்டைக் கூம்பு, 70 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இங்கே கிழக்கில் ஆறு பட்டை வைத்தது, 85 சென்டிமீட்டர். இந்த வருடம் பள்ளியில் சேர்ந்த எங்கள் சின்னவனை நிற்கவைத்து அளந்து பார்த்தால் நெஞ்சுக்கு மேல் வருகிறது. பள்ளிக்கூடத்து நிலவறையில் ஒரு மரம் இருக்கிறது, அதில் இந்தக் கூம்புகள் காய்த்துத் தொங்குகின்றன, காய் முற்றினால்தான் பிள்ளைக்குப் பள்ளி செல்லும் வயது வந்தது என்று அர்த்தம் என இங்குள்ள பாட்டிமார் கதை சொல்வார்கள். சின்னவன் ஜூன் மாதம் முழுக்க "என் காய் எவ்வளவு பெருசாயிருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கடையில் இந்தக் கூம்பு ஆயத்தமாகக் கிடைக்கிறது. ஆனாலும் பல வீடுகளில் அம்மாவோ அப்பாவோ கையால்தான் செய்கிறார்கள். மழலையர் பள்ளியிலேயே ஒரு மாலையில் பெற்றோரை மட்டும் வரச்சொல்லி, குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்து, கத்தரிக்கோலும் அட்டையும் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவர் லாரி ஓட்டுபவர். அவ்வளவு பெரிய விரல்களால் அரை அங்குல டைனோசர் பல் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பல் கோணலாகத்தான் இருந்தது. யாரும் அதைக் கோணல் என்று பார்க்கவில்லை.

இதற்கு இவர்கள் மொழியில் 'பாஸ்டெல்ன்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. கைவினை என்று அதைச் சொல்ல முடியாது. கைவினைக்குத் தேர்ச்சி வேண்டும், அதை விற்கலாம், பரிசு வாங்கலாம். இது வீட்டில் கிடக்கும் அட்டையையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு சும்மா ஏதாவது செய்துகொண்டிருப்பது. நம் வீட்டில் அதற்கு இருந்த ஒரே சொல் 'நோண்டுறது'. அதுவும் திட்டுகிறபோது மட்டும்தான் வரும். அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள் மதினி. பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரைப் பிடுங்கி, பவுடர் டப்பா மூடியில் இறக்கை வெட்டி, எனக்கு ஒரு விசிறி செய்து கொடுத்தான். ஈர்க்குச்சியும் பேப்பரும் வைத்து வால் நீளமான பட்டம் கட்டுவான். பத்தாம் வகுப்பு வந்ததும் "எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கான், படிக்கிற வேலையைப் பாக்காம" என்று அப்பா அவனுடைய சாமான் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டார். அதற்கப்புறம் அண்ணன் எதையும் செய்து நான் பார்க்கவில்லை. அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. படிப்பு ஒன்றுதான் கரையேற்றும் என்று நம்பிய காலம் அது. ஆனாலும் அந்தப் பெட்டி போனது இழப்புதான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

நானும் அதே பிழையைச் செய்தவள். என் பெரியவளுக்கு அப்போது நாலு வயது, நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். அதையொட்டி இருட்டும் நேரத்தில் பிள்ளைகள் காகித விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் போவார்கள். பக்கத்து எர்ஃபுர்ட் நகரில் முதல் நாளே, 10-ஆம் தேதி மாலையே, பேராலயத்துச் சதுக்கத்தில் கூடிவிடுவார்கள். 1483-இல் மார்ட்டின் லூதர் பிறந்தது அந்தத் தேதியில். மறுநாள் புனித மார்ட்டின் நாளில் ஞானஸ்நானம் கொடுத்ததால்தான் குழந்தைக்கு அந்தப் பெயர். அதனால் கத்தோலிக்கர், லூதரன் இரண்டு தரப்பாரும் இங்கே சேர்ந்தே கொண்டாடுகிறார்கள். விளக்கு கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் சீட்டு கொடுத்திருந்தார்கள். நான் கடைக்குப் போய் இருப்பதிலேயே விலை கூடியதை, பேட்டரி போட்டால் பாட்டும் பாடுகிற பிளாஸ்டிக் விளக்கை, வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளைக்கு நல்லதாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

ஊர்வலத்தில் மற்றப் பிள்ளைகள் கையில் பாலாடைக்கட்டி வரும் வட்ட டப்பாவை அடியில் வைத்து, மெல்லிய வண்ணத்தாள் சுற்றிச் செய்த விளக்குகள். சிலது பலூன்மேல் தாள்தாளாய் ஒட்டிக் காயவைத்து, பலூனை உடைத்து எடுத்தது. உள்ளிருந்து வெளிச்சம் வரும்போது பசை ஒட்டிய சுருக்கமெல்லாம் தெரிந்தது. பெரியவள் தன் விளக்கை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து கேட்டாள்: "நம்ம வீட்ல ஏம்மா யாரும் செய்யல?"

அந்தக் கேள்வியோடு ஏழு வருடம் இருந்தேன். இந்த ஜூனில் அம்மா மூன்று மாத விசாவில் வந்து இறங்கினாள். சுக்கர்ட்யூட்டே படத்தை அவளிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "இது பொட்டலம்லா!" என்றாள்.

உங்களுக்குத் தெரியுமே, ஆச்சி வீட்டில் பலசரக்குக் கடை. அம்மா ஏழு வயதில் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் மடித்தவள். மஞ்சள்தூளுக்கு ஒரு அளவு, சீனிக்கு ஒரு அளவு, பொரிகடலைக்கு ஒரு அளவு. தாளின் ஒரு மூலையைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு சுற்று, அடியில் மூக்கை மடக்கி ஓர் அழுத்து, சாமானைப் போட்டு மேல் மடிப்பை உள்ளே செருகி, சணலை இரண்டு சுற்றுச் சுற்றி, கத்தி இல்லாமல் விரலிலேயே சுண்டி அறுத்துவிடுவாள். இத்தனை வருடம் அவள் கூடவே வளர்ந்தும் இந்தக் கையை நான் ஒரு கலையாகப் பார்த்ததே இல்லை. கடை நொடித்துப்போனதற்கு அப்புறம் அந்த நாட்களைப் பற்றி அவளும் பேசியதில்லை. பொட்டலம் மடித்தது வீட்டில் வறுமையோடு சேர்ந்துபோன நினைவு.

மூன்று நாள் வேலை. 70-க்கு 100 சென்டிமீட்டர் கெட்டி அட்டை ஒன்று வாங்கினேன். அடுக்களைத் தரையில் அதை விரித்து, அம்மா மூலையில் சணலின் ஒரு நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். மறுநுனியில் பென்சிலைக் கட்டி 85 சென்டிமீட்டருக்கு நான் வில் போட்டேன். அதை ஆறாகப் பிரித்துக் கத்தியின் முதுகால் கோடு கீறினால் அட்டை பட்டை பட்டையாக மடிகிறது. ஒட்டுவதற்கு வைத்திருந்த பசைக் குச்சியை அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கினாள். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டி, வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல ஆகிறவரை காய்ச்சினாள். "மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டாத்தான் பூச்சி அண்டாது" என்ற கவலை மட்டும் அவளுக்குக் கடைசிவரை இருந்தது. வீடெல்லாம் அந்தப் பசை வாசம். ஊரில் தேர்தல் நேரத்துச் சுவர்கள் ஞாபகம் வந்தது எனக்கு.

நுனிதான் பிரச்சினை. பொட்டலம் என்றால் அடியில் மூக்கை மடக்க வேண்டும். இந்த அட்டை மடங்காது. "மூக்கை மடக்கலைன்னா ஒழுகிரும்லா" என்று அம்மா விடவே மாட்டேன் என்றாள். அவள் பயம் வீண் இல்லை. ட்ரெஸ்டனில் பிறந்த எழுத்தாளர் எரிஹ் கேஸ்ட்னர் தன் பிள்ளைப்பருவ நினைவுகளில் இதைத்தான் எழுதியிருக்கிறார். அவர் பள்ளியில் சேர்ந்தது 1906-இல். கூம்பைக் காட்டப் போன இடத்தில் கால் தடுக்கி, மிட்டாயெல்லாம் தரையில் கொட்டிப்போனது.

எதிர் வீட்டுப் பாட்டி இதற்கு வழி சொன்னார். எண்பது வயதைத் தாண்டியவர். தன் முதல் நாள் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். போர் முடிந்து சில வருடங்கள்தான் ஆன நேரம். படத்தில் கூம்பு கனமாக இருக்கிறது; பிள்ளை பல் தெரியச் சிரிக்கிறது. உள்ளே பாதிக்கு மேல் உருளைக்கிழங்காம், மேலே மட்டும் ஒரு பிடி மிட்டாய். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா அந்தப் போட்டோவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டியின் கையைப் பிடித்து, "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பாட்டிக்குப் புரிந்துவிட்டது.

நுனியில் பழைய பேப்பரை உருண்டையாக அமுக்கித் திணித்து, வெளியே துணிப்பட்டையை மூன்று சுற்றுப் பசையில் தோய்த்து ஒட்டினார்கள். கூம்பின் வாயை மூடிக் கட்டக் கடையில் சல்லடைத் துணி விற்கிறது. அம்மா அதற்குப் பதில் தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்தாள். உங்கள் கல்யாணத்துக்கு உடுத்தியிருந்தாளே, அந்த அரக்குக் கலர்.

பிறகு ஒரு மழை நாளில் பாட்டி அம்மாவுக்கு ஃப்ரோபல் நட்சத்திரம் சொல்லிக்கொடுக்க வந்தார். ஃப்ரீட்ரிஹ் ஃப்ரோபல் இந்தத் துரிங்கியாக்காரர். தெற்கே பாட் பிளாங்கன்பர்கில் 1837-இல் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் இடம் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தவர். நம் ஊரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே, அந்த 'கே.ஜி.' அவர் வைத்த பெயர்தான். ஆனால் அவர் அங்கே பிள்ளைகளுக்குக் கொடுத்தது எழுத்துப் பலகை இல்லை. மரப்பந்து, கனசதுரம், உருளை, மடிக்கத் தாள், பின்னக் காகிதப் பட்டைகள், ஊறவைத்த பட்டாணியைக் குச்சியில் கோத்து வீடு கட்டுதல். கைதான் முதலில் கற்கும் என்பது அவர் எண்ணம். 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. மறுவருடம் அவர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-இல். கே.ஜி. என்ற பெயரை வைத்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறோமே என்று எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அந்த நட்சத்திரத்துக்கு நாலு காகிதப் பட்டை, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் இன்னொன்றின் வாலை நுழைத்து இழுத்தால் நடுவில் சதுரம் ஒன்று இறுகும். பாட்டி அதுவரைதான் காட்டினார். "இது ஓலைப்பந்துக்குப் போடுற முடிச்சுலா" என்று அம்மா மீதியைத் தானே பின்னப் பார்த்தாள். இரண்டு இடத்தில் தவறியது. பாட்டி அவள் விரலைப் பிடித்துத் திருப்பிவிட்டார். பின் அம்மா பட்டைகளை வாங்கி ஓலைப்பந்து ஒன்றைச் செய்து கொடுத்தாள். பெரியவள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் பழகிக்கொண்டாள். இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை. நான் திட்டவில்லை.

விழா அன்று சின்னவனின் பொட்டலம் தாங்கியது. அம்மா கொண்டுவந்திருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வீட்டோடு நிறுத்திக்கொண்டோம். வேர்க்கடலை சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது. கூட விளையாடும் பிள்ளைகளுக்கென்று ஆளுக்கொரு பொட்டலமாகப் பொரியும் பொரிகடலையும் மடித்தாள், ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றி வந்த தமிழ்ப் பேப்பரில். ஜெர்மன் பிள்ளைகள் அதைப் பிரிக்க மனமில்லாமல் எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் சின்னவள் பள்ளிக்குச் சூரியக் குடும்பத்தைத் தெர்மாகோலில் கடையிலேயே செய்து வாங்கியதாகப் போன வருடம் சொன்னீர்கள். குறை சொல்லவில்லை மதினி. உங்களுக்கும் வேலைக்குப் போய் வந்து நேரம் எங்கே இருக்கிறது. ஆனால் அடுத்த தடவை அம்மாவிடம் விட்டுப் பாருங்கள். வியாழன் கொஞ்சம் நசுங்கி வரலாம். பரணில் அண்ணனின் பெட்டி இன்னும் இருந்தால் அதையும் இறக்குங்கள்.

இந்த வாரம் இங்கே விளக்கு செய்கிறோம். சின்னவன் பலூன் ஊதி வைத்துவிட்டான், பெரியவள் மைதா காய்ச்சுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கொஞ்சம் பொட்டலமும் மடிக்கலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். எனக்கு அடி மூக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது, பொரி ஒழுகுகிறது. ஒரு உதவி செய்யுங்கள். அம்மா பொட்டலம் மடிப்பதைச் சின்னவளை விட்டுப் போனில் படம் பிடித்து அனுப்புங்கள். முகம் தெரிய வேண்டாம், கை தெரிந்தால் போதும். அம்மா வேகமாக மடித்துவிடுவாள். அந்த மூக்கு மடக்குகிற இடத்தில் மட்டும் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்