விரியலாக்கியும் லயக் காம்பராவும்

ஊவாவின் பெருந்தோட்டங்களில் ஒலிக்கு ஒரு வரலாறு உண்டு. விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்த காலத்தில், அவ்வொலி அம்மக்களின் கைகளிலிருந்தே பிறந்ததாயினும், எவருடைய தேவைக்காக அது ஒலித்தது என்பது வெளிப்படை. அதே தப்பு மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஒலித்தபோது மக்களுக்கே உரியதாயிற்று. கருவி ஒன்றே, அதனைக் கையாளும் உரிமையே வேறு. மின்னாற் பெருக்கப்படும் ஒலியை நோக்குமிடத்தும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் தகும். மாரியம்மன் திருவிழாவுக்கெனப் பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வாடகைக்கு வரும் ஒலிபெருக்கி, விழா முடிந்ததும் நகரத்துக்கே திரும்பிவிடுகின்றது. அத்தகைய கருவியைத் தோட்டத்திலேயே செய்துகொள்ளல் இயலுமா, இயலுமாயின் அதனால் விளையும் பயன் யாது என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

முதலிற் சொல்லைத் தெளிவுபடுத்தல் வேண்டும். கூம்பு வடிவிற் கோயிற்றூணிற் கட்டப்படுவது ஒலிபெருக்கி; அதற்கு வலுவூட்டும் மின்சுற்றே விரியலாக்கி. உயர்தரப் பௌதிகவியற் பாடநூல் விரியலாக்கி, இருவாயி, கொள்ளளவி, நிலைமாற்றி எனக் கூறுபவற்றைத் திருத்தும் கடைகளில் அம்ப், டயோட், கண்டென்சர், டிரான்ஸ்போமர் என்பர். செயற்பாட்டு விரியலாக்கி பற்றிய வினாவுக்கு விடையெழுதிப் புள்ளி பெற்ற மாணவன், அப்பொருளையே உள்ளங்கையில் வைத்தால் இன்னதென அறியாது திகைப்பதுண்டு. நாள்தோறும் அதனைக் கழற்றி மாட்டும் தொழிலாளியோ பாடநூலைத் திறந்தால் அந்நியனாகிவிடுகிறான். இவ்விருவரும் ஒரே லயத்து அண்ணன் தம்பியராய் இருத்தலும் கூடும். விரியலாக்கி ஒன்றை உடனிருந்து செய்துபார்ப்பது இவ்விருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்குரிய நல்வழிகளுள் ஒன்று.

செய்யும் முறையிலும் ஒரு தேர்வு உண்டு. முழுக் கருவியையும் ஒரே பலகையில் அமைக்காது கூறுகளாகப் பகுத்தமைத்தலே தோட்டப்புறத்துக்கு ஏற்றது. மின் வழங்கி ஒரு கூறு. ஒலிவாங்கியின் நலிந்த சைகையை உயர்த்தும் முன்விரியலாக்கி மற்றொன்று. ஒலிபெருக்கியை இயக்கும் வலு விரியலாக்கி மூன்றாவது. பழுது நேரும்போது ஒலிபெருக்கியைத் துண்டித்துக் காக்கும் சுற்று நான்காவது. எடுத்துக்காட்டாக, 18-0-18 வோல்ட் நிலைமாற்றியொன்றின் மின்னைச் சீராக்கிக் கொள்ளளவிகளில் தேக்கினால், நேர்ப் பக்கத்திலும் எதிர்ப் பக்கத்திலும் ஏறத்தாழ 25 வோல்ட் கிடைக்கும். எல்எம் 1875 என்னும் சிறு சில்லு அவ்வழுத்தத்தில் 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 20 வாட் வரை வழங்கவல்லது. இச்சில்லின் உலோக முதுகு எதிர் மின்வழங்கலோடு இணைந்தது. ஆதலால் வெப்பந்தாங்கித் தகட்டுக்கும் அதற்கும் இடையே மைக்காத் துண்டொன்றை வைக்க மறந்தால், தகடு தற்செயலாகப் பெட்டியைத் தொட்ட கணமே குறுக்குச்சுற்று நேரும்.

பகுத்தமைத்தலின் பயன் பழுது நேரும்போது புலனாகும். மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ ஒரு கருவி இயங்காது நின்றால், அதனைச் சுமந்துகொண்டு பேருந்தேறி நகரக் கடைக்குச் செல்வது ஒரு நாட் கூலியை இழப்பதாகும். கூறுகள் தனித்தனியாயின், மின் வழங்கியை மட்டும் அளந்து பார்க்கலாம். அது செம்மையெனின் அடுத்ததை நோக்கலாம். புதிதாய் அமைத்த சுற்றை 230 வோல்ட் மின்னோடு நேரே இணைக்காது, இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக வைத்து இணைப்பது பழந்தொழிலாளர் கைக்கொண்ட முறை. குறுக்குச்சுற்று இருப்பின் குமிழ் ஒளிரும், சில்லு பிழைக்கும். பின்னர் வெளியீட்டில் நேரோட்ட அழுத்தத்தை அளத்தல் வேண்டும். அது சுழியை அண்மித்திருப்பின் நன்று. சில வோல்ட் காட்டினால் ஒலிபெருக்கியின் சுருள் கருகிவிடும். இவ்வளவும் அறிந்தவன் கருவிக்கு அடிமையாகான்.

சுற்றுக்களைத் தாங்கும் பலகையின் வரலாறும் அறியத்தக்கதே. 1936 இல் இலண்டனில் அச்சுச்சுற்றைக் கொண்டு வானொலிப் பெட்டியொன்றை அமைத்தவர் ஒஸ்திரியப் பொறியியலாளர் போல் ஐஸ்லர். அதற்கு முன்னர்க் கம்பிகளைக் கையாற் பற்றவைப்பதே வழக்கு. செப்புத் தகடு ஒட்டிய பலகையில் எனாமல் வர்ணத்தால் வழித்தடங்களை வரைந்து, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் இட்டால், வர்ணம் மூடாத செம்பு கரைந்து, மூடிய செம்பு எஞ்சும். வீட்டிலேயே செய்யத்தக்க இம்முறை பல நாடுகளிலும் ஆர்வலர் பயின்ற ஒன்று. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், பழுதான வானொலியிலிருந்து கழற்றிய உதிரிக்குத் தனி மதிப்பு இருந்தது. இந்நாட்டின் ஒலிபரப்பே அவ்வாறுதான் தொடங்கியது என்பதும் நினைவுகூரத்தக்கது. 1923 இல் எட்வேர்ட் ஹாப்பரின் தலைமையில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் நடத்திய முதற் பரிசோதனை ஒலிபரப்புக்குரிய கருவி, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலி உறுப்புகளால் அமைந்ததாகும்.

இன்று நிலை மாறியுள்ளது. 1992 இல் தொடங்கப்பெற்று இலவசமாகக் கிடைக்கும் கிகாட் என்னும் மென்பொருளாற் பலகையை வரைந்து, கேர்பர் எனப்படும் கோப்புகளாக மாற்றி இணையவழி அனுப்பினால், சீனத்தின் சென்சென் நகரத் தொழிற்சாலைகள் துளையிட்டுப் பூச்சிட்ட பலகைகளைச் செய்து அனுப்புகின்றன. பொதுவாக ஐந்து பலகைகளே மிகக் குறைந்த தொகை. சிறு பலகைகளின் விலையினும் அவற்றைக் கொண்டுசேர்க்கும் செலவே மிகுதியாதல் உண்டு. எனினும் தோட்டத்து இளைஞன் எதிர்கொள்ளும் இடர் விலையன்று. விண்ணப்பத்தின் இறுதிப் பக்கம் அவனிடம் முகவரி கேட்கிறது. தோட்டக் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுக்கொரு முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, சிலபோது நாட் பிந்தியே உரியவரை அடைகின்றன. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமை இழந்தோரின் சிக்கல், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. பிரசையாகிவிட்டவனுக்கு ஒரு பொதி வந்துசேர்வதற்குரிய கதவிலக்கம் மட்டும் பல இடங்களில் இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே அவன் நகரத்துக் கடையொன்றின் முகவரியை இரவல் வாங்க நேர்கிறது.

பலகையை வரவழைத்து உறுப்புகளைப் பொருத்துவது வெறும் கோத்தலேயன்றி அறிவாகாது என்பார் உளர். ஆயத்தமாகச் செய்த விரியலாக்கிக் கூறுகளே மலிவாகக் கிடைக்கையில் இவ்வுழைப்பு எதற்கு என்பாரும் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. பிறர் வரைந்ததை விளங்காது பொருத்துபவன், கரைசலில் பலகை செய்தவன் பெற்ற அறிவைப் பெறுவதில்லை. ஆயினும் தானே வரைந்தனுப்புபவன் நில இணைப்புகளை ஒரு புள்ளியிற் சேர்க்காவிடின் இரைச்சல் எழும் என்பதைக் காதாற் கற்கிறான். ஆயத்தப் பொருளை வாங்குபவனுக்கோ, பெயர் மாற்றி அச்சிட்ட போலிச் சில்லு வந்தாலும் காரணம் தெரிவதில்லை.

இவ்வறிவு பொழுதுபோக்குடன் நின்றுவிடுவதன்று. 2022 இல் டொலரின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அத்தகைய வேளையில் 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறு விரியலாக்கியே பேசவல்லது. கணக்கின்படி, அவ்வழுத்தத்தில் 4 ஓம் ஒலிபெருக்கிக்குத் தனிச் சுற்றொன்று தரத்தக்க உச்சம் நாலரை வாட். இரண்டைப் பாலமாக இணைத்தால் 18 வாட். நடைமுறையில் இதனிலும் குறைவே கிட்டும். ஆயினும் கூம்பொலிபெருக்கிக்குச் சில வாட்டும் பெரிது. அடுத்த மேட்டு லயத்துக்கு அக்குரல் எட்டும்.

அக்குரல் எட்டவேண்டிய நாட்கள் ஊவாவில் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. அவ்விழப்பை ஒரு விரியலாக்கி தடுத்திருக்கும் எனல் பேதைமை; பாதுகாப்பான நிலமும் வீடுமே அதற்கு விடை. எனினும் அவை கிடைக்கும் வரை, மழை கொட்டும் இரவில் சிதறிக்கிடக்கும் லயங்களை எழுப்புவதற்கு மின்சாரமோ வாடகை வண்டியோ வரும்வரை காத்திராத குரல் ஒன்று தோட்டத்துக்குள்ளேயே இருத்தல் வேண்டும். அதனைத் திருத்தத் தெரிந்த கையும் அங்கேயே இருத்தல் வேண்டும்.

இதன்பொருட்டுப் பல்கலைக்கழகத்தார் செய்யத்தக்கது பெரிதன்று. 2005 முதல் பதுளையிலேயே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இயங்குகின்றது. ஏனைய பல்கலைக்கழகங்களிலும் மலையக மாணவர் பயில்கின்றனர். எளிய விரியலாக்கிக் கூறுகளுக்குரிய வரைபடங்களை ஒருமுறை செம்மையாக வரைந்து, பாடநூற் சொல்லையும் பட்டறைச் சொல்லையும் அருகருகே வைத்துத் தமிழில் விளக்கம் எழுதி, எவரும் எடுத்தாள விடலாம். தொழிற்சாலை அனுப்பும் ஐந்து பலகைகளை ஐந்து தோட்டங்கள் பகிர்ந்துகொள்ளலாம். வந்துசேர ஒரு பாடசாலையின் முகவரி போதும். இவை நிகழுமாயின், தப்பின் மீது அம்மக்களுக்கிருந்த உரிமை விரியலாக்கியின் மீதும் ஏற்படும். எதனை ஒலிக்கச் செய்வது, எப்போது ஒலிக்கச் செய்வது என்பதை அவர்களே தீர்மானிப்பர்.