ஒரு தொட்டியில் மூன்று நிறங்கள்

லண்டனில் இருக்கும் மாமாவின் மகனுக்கு 12 வயது. சென்ற டிசம்பரில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான்: "ராத்தா, நீங்க பயோதானே படிக்கிறீங்க? ஒரே தொட்டியில மூணு நிறத்தில தவளை வளர்க்கப் போறன். சேருமா எண்டு பார்த்துச் சொல்லுங்க."

அவன் கேட்டது நஞ்சு அம்புத் தவளைகளை. உம்மா பதறிவிட்டார். காட்டில் தின்னும் எறும்பு, உண்ணி போன்றவற்றிலிருந்துதான் அவற்றுக்கு நஞ்சு சேர்கிறது, தொட்டியில் பிறந்து பழ ஈயைத் தின்று வளர்பவற்றில் நஞ்சில்லை என்று விளக்கினேன். "எண்டாலும் கையைக் கழுவச் சொல்லு" என்றார்.

சுரினாமின் நீலத் தவளை, வெனிசுவேலாவின் மஞ்சள் கறுப்பு, பனாமாவின் பச்சை கறுப்பு. படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் காட்டில் இவை மூன்றும் ஓரிடத்தில் வாழ்வதில்லை. தொட்டியில் சேர்த்தால் கலப்புக் குஞ்சுகள் பிறக்கலாம். நீலத் தவளையில் பெண்கள் ஒன்றையொன்று அமுக்கிச் சண்டையிடும். காயம் எதுவும் தெரியாது. தோற்றது இலைக்கடியில் ஒளிந்து, தின்னாமல் மெலிந்து செத்துப்போகும்.

அதை வாசித்தபோது தரம் 6 இல் நான் செய்தது நினைவுக்கு வந்தது. கப்பி மீன்கள் இருந்த தொட்டியில், நிறம் நன்றாக இருக்கிறதே என்று ஒரு பைட்டர் மீனை விட்டேன். காலையில் கப்பிகளின் வால்கள் கிழிந்திருந்தன. இரண்டு செத்து மிதந்தன. நோய் வந்து செத்தன என்று வாப்பாவிடம் சொன்னேன். அவர் கறிவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். உண்மையை இப்போதுதான் எழுதுகிறேன்.

தம்பிக்கு, "ஒரு தொட்டிக்கு ஒரே இனம்தான்" என்று பதில் அனுப்பினேன். இரண்டு வாரம் பேச்சே இல்லை. பிறகு அந்தக் கப்பிகளின் கதையை அனுப்பினேன். அன்றிரவே கேட்டான்: "அப்ப எது ராத்தா?"

மஞ்சள் கறுப்பைச் சொன்னேன். பகலில் வெளியே திரியும். கூட்டமாக இருப்பதையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நான்கு குஞ்சுகளுக்கு 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரமான தொட்டி. அவன் ஒடுங்கிய உயரமான தொட்டியொன்றில் ஆசைப்பட்டிருந்தான். இவையோ பெரும்பாலும் தரையில் நடப்பவை. அடியில் களிமண் உருண்டைகள், மேலே வலை, மண், பிறகு காய்ந்த இலைகள் தடிப்பாக. கல்சியம் தூள் தூவிய ஈக்கள். வெப்பம் 22 முதல் 25 பாகை வரை இருந்தால் நல்லது. எங்கள் வீட்டு மதிய வெயிலில் அவை தாங்கமாட்டா. செடிகள் வேர்பிடிக்கும்வரை தவளை வாங்கக் கூடாது என்றதற்குத்தான் அதிகம் முணுமுணுத்தான்.

போன கிழமை வீடியோ ஒன்று வந்தது. ஒரு நிமிடம் வரை வெறும் சருகு. பிறகு ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது.

"மத்த மூணும் எங்கே?" என்று கேட்டேன்.

"இருக்கு ராத்தா. நல்லாத் தேடுங்க."

தரம் 13, உயிரியல் பிரிவு