அகழி இருந்த இடத்தில்

செவ்வாய்

கோபன்ஹேகன் வரைபடத்தில் பழைய நகரின் மேற்கிலும் வடக்கிலும் சில குளங்கள் வரிசையாகத் தெரிகின்றன. டிவோலி கேளிக்கைப் பூங்காவுக்குள் ஒன்று, எர்ஸ்டெட் பூங்காவில் ஒன்று, தாவரவியல் தோட்டத்தில் ஒன்று, தேசிய ஓவியக் கூடத்தின் பின்னால் உள்ள பூங்காவில் மிச்சம் மீதி. எல்லாம் கோணல்மாணலானவை. தானாக உண்டான குளத்துக்கு இந்த வடிவம் வராது. அழகுக்காக வெட்டிய குளத்துக்கும் வராது. பீரங்கிக்குப் பயந்து கட்டிய மதிலைச் சுற்றி அகழி வெட்டினால்தான் வரும்.

ஊர் அந்த மதிலுக்குள்தான் வெகுகாலம் அடைந்து கிடந்தது. 1853 கோடையில் காலரா புகுந்து சுமார் 4,700 பேரைக் கொண்டுபோனது. எதிரியைத் தடுக்கக் கட்டிய மதில் மூச்சுக்காற்றைத்தான் தடுக்கிறது என்று அப்போது உறைத்திருக்க வேண்டும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நகர வாயில்களை இடித்தார்கள், மதில்களும் பின்னாலேயே போயின. காலியான நிலம் முழுவதையும் மனைபோட்டு விற்றுவிடாமல் பெரும்பகுதியைப் பூங்காக்களுக்கு விட்டார்கள். அகழித் தண்ணீர் அல்லியும் வாத்துமாகக் கிடக்கிறது.

தாவரவியல் தோட்டம் 1600-இல் பல்கலைக்கழகத்தின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. இடம் மாறி மாறி அலைந்து 1874-இல் இந்த மதில் நிலத்தில் வந்து நின்றது. ஏறக்குறைய இருபத்தைந்து ஏக்கர். ஏறி இறங்கும் மேடுகள் மதிலின் மிச்சம். நடுவில் இரும்பும் கண்ணாடியுமாகப் பனை மாளிகை. அதை முன்னின்று கட்டுவித்தவர் ஜே.சி. யாகோப்சன், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் முதலாளி. சுழல் படிக்கட்டில் ஏறினால் பனைகளின் தலைக்கு மேலே நடக்கலாம். வெளியே ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட வைக்கும் காற்று, மேலே புழுக்கம். அக்கா மகள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “மாயவரம் வந்துட்டோம் மாமா” என்றாள்.

மாயவரம் என்றதும் பக்கத்தில் இருக்கும் தரங்கம்பாடியும் கூடவே வந்துவிட்டது. டேனிஷ்காரர்களின் துறைமுகமாக இருந்த அந்த ஊருக்கு 1768-இல் மிஷன் மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்டு கோனிக். லின்னேயஸின் மாணவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி பறித்தார். பறித்ததைக் காயவைத்துக் கப்பலேற்றினார். கோபன்ஹேகனில் அவற்றைப் பிரித்துப் பார்த்து விவரித்து எழுதியவர்களில் முக்கியமானவர் ரோட்போல், அன்றைய தாவரவியல் தோட்டத்தின் தலைவர். சோழ நாட்டு வரப்போரக் கோரைப் புற்கள் இந்த ஊர் ஆவணங்களில் ஏறியது அப்படித்தான். நாம் களை என்று பிடுங்கி எறிந்ததை ஒருவர் தாளில் ஒட்டி, கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்.

கறிவேப்பிலையின் அறிவியல் பெயரிலும் இவர்தான் இருக்கிறார். 1771-இல் லின்னேயஸ் அந்த மரத்துக்குப் பெயர் வைத்தபோது தன் மாணவரை அதில் சேர்த்தார். பேரினம் எது என்பதில் பிற்காலத்தவர் மாற்றி மாற்றி எழுதினாலும் கோனிக் பெயரை யாரும் எடுக்கவில்லை. இதைச் சொன்னதும் அக்கா மகளுக்குப் பெருமை. அவள் வீட்டு ஜன்னலோரத் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரவு சட்னிக்கு அதிலிருந்து இரண்டே இணுக்கு. அதற்கு மேல் பறிக்க அனுமதியில்லை.

புதன்

கிளிப்டோடெக் அருங்காட்சியகம். பீர் விற்ற காசில் எழுந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், ஆனால் அதற்குள் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது. நேற்றைய யாகோப்சன் அப்பா. மகன் கார்ல். பீரை நெடுநாள் வைத்துப் பதமாக்கித்தான் விற்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. சீக்கிரமாக, நிறைய விற்க வேண்டும் என்பது மகனின் கட்சி. பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு ஆலைகள் போட்டி போட்டன. இடையில் ஓடிய சாலைக்கு அப்பா ஒரு பெயர்ப்பலகை வைத்தார், மகன் வேறு பெயரில் ஒன்று வைத்தார். மருதநாட்டுப் பங்காளிகள் வாய்க்காலுக்கு அடித்துக்கொண்டதெல்லாம் இதன் முன் சாதாரணம். கடைசியில் அப்பா தன் ஆலையை அறிவியல் ஆய்வுக்காக 1876-இல் தான் நிறுவிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். மகன் 1902-இல் கலைக்கென்று தனி அறக்கட்டளை தொடங்கினார். இருவர் சண்டையில் ஊருக்கு லாபம்.

கட்டடத்தின் நடுவில் கண்ணாடிக் கூரையின் கீழ் குளிர்காலத் தோட்டம். 1906-இல் திறந்தது. உயரமான பனைகள், குளம், அதில் கை நீல்சன் செதுக்கிய தாய், மேலெல்லாம் குழந்தைகள் தவழ்கின்றன. சிலைக்காக வராதவனும் செடிக்காக வருவான், வந்தவன் சிலையையும் பார்த்துவிட்டுப் போவான் என்பது கார்லின் கணக்கு. தோட்டத்தைத் தூண்டிலாக்கியிருக்கிறார். நூறு வருடம் கழித்தும் மீன் மாட்டுகிறது. பெஞ்சுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் கேக் சாப்பிட வந்தவர்கள், பிறகு எழுந்து ரோமானியத் தலைகளின் பக்கம் போனார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது சிரியாவின் பல்மைரா நகரக் கல்லறை உருவங்கள். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 1880-களில் பெய்ரூட்டில் இருந்த டேனிஷ் தூதர் வழியாக வாங்கியவை. கனத்த நகை, நேர்ப்பார்வை, முக்காட்டைப் பிடித்த கை. இப்படித் தூக்கிக்கொண்டு வருவது சரியா என்று கேட்டால் நான் சரியில்லை என்றுதான் சொல்வேன். 2015-இல் அந்த ஊரின் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. அதனால் முதலில் சொன்னது மாறிவிடாது. ஆனாலும் அந்தப் பெண்களின் முன்னால் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைக்க வேண்டியிருந்தது.

கோகான் ஓவியங்கள் மாடியில். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இங்கே வந்து தார்ப்பாய் விற்றுப் பார்த்துத் தோற்றவர். தஹிதி படங்கள் நிறைய. வெயில் குறைந்த ஊரில் அந்த மஞ்சள் கண்ணில் அறைகிறது.

வியாழன்

அரசர் தோட்டம். நான் பார்த்தவற்றில் தோட்டமாகவே பிறந்தது இது மட்டும்தான். நான்காம் கிறிஸ்டியன் 1606-இல் மதிலுக்கு வெளியே நிலம் வாங்கி, காயும் பழமும் பூவும் போட்டு, தங்கிப்போக ஒரு வீடு கட்டத் தொடங்கினார். அந்த வீடு வளர்ந்து ரோசன்போர்க் அரண்மனை ஆனது. உள்ளே, 1644-இல் கடற்போரில் ஒரு கண்ணை இழந்தபோது அவர் போட்டிருந்த உடை, ரத்தக்கறையோடு. அதைப் பார்த்த பிறகு கீழ்த்தளத்துக் கிரீடங்கள் எதுவும் மனதில் நிற்கவில்லை.

வெளியே தேவதைக் கதைகள் எழுதிய ஆண்டர்சனின் சிலை. மடியில் புத்தகம், கை நீட்டி யாருக்கோ கதை சொல்கிறார், எதிரில் யாருமில்லை. முதல் மாதிரியில் பிள்ளைகள் அவர்மேல் சாய்ந்து நின்றார்களாம். உயிரோடு இருந்த ஆண்டர்சன் அதைப் பார்த்துக் கோபப்பட்டார். தன்னை ஒட்டி யாரும் உட்கார்ந்தால் தனக்கு வாசிக்கவே வராது, தான் எழுதியது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல என்பது அவர் வாதம். பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். சிலை 1880-இல் வந்தது, அவர் அதற்கு ஐந்து வருடம் முன்பே போய்விட்டார். இன்று பார்த்தபோது ஒரு சிறுவன் பீடத்தில் ஏறி அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தெருவைத் தாண்டினால் டேவிட் சேகரிப்பு. சி.எல். டேவிட் என்ற வழக்கறிஞர் சேர்த்த இஸ்லாமியக் கலைப்பொருட்கள், அனுமதி இலவசம். முகலாய ஓவியங்களின் அறை அவ்வளவு இருட்டு. நிறம் மங்கக் கூடாது என்பதற்காக. கண் பழகியதும் தக்காணத்து ஓவியன் தீட்டிய ஒவ்வொரு இலையும் தெரிகிறது.

வெள்ளி

ராஜ நூலகத்தின் பின்புறத்தில் நாலு பக்கமும் செங்கல் சுவர் சூழ்ந்த ஒரு தோட்டம் இருக்கிறது. நடுவில் நீர், ஓரத்தில் தத்துவஞானி கீர்க்ககோர் சிலை, பெஞ்சில் டப்பாவைத் திறந்து மதிய உணவு சாப்பிடும் அலுவலக மக்கள். சுவரில் இரும்பு வளையங்கள் தொங்குகின்றன. தோட்டத்துக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. கப்பல் கட்டியவை அவை. நான்காம் கிறிஸ்டியன் தன் போர்க்கப்பல்களுக்கு ஆயுதமும் தளவாடமும் ஏற்ற வெட்டிய துறை இதே இடம்தான். 1860-களில் தூர்த்தார்கள், 1920-இல் தோட்டம் ஆக்கினார்கள்.

1618 நவம்பரில் இந்த நகரிலிருந்துதான் ஓவே கெட்டே என்ற இளைஞன் கப்பல்களோடு கிளம்பினான். இருபத்து நாலு வயதுகூட நிறையவில்லை. போக நினைத்தது தரங்கம்பாடிக்கு அல்ல, கண்டிக்கு. கண்டி அரசர் போர்த்துக்கீசியருக்கு எதிராக உதவி கேட்கிறார் என்று சொல்லி அழைத்து வந்த டச்சுக்காரர் வழியிலேயே செத்துப்போனார். போய்ச் சேர்ந்தபோது கண்டியில் காரியம் படியவில்லை. முன்னால் போன கப்பலைப் போர்த்துக்கீசியர் அழிக்க, அதிலிருந்து தப்பிய ரோலாண்ட் கிராப்பே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்திருந்தார். அந்த வழியாகத்தான் 1620-இல் உடன்படிக்கையும் கோட்டையும் வந்தன. இரகுநாத நாயக்கர் டேனிஷ் அரசருக்குப் பொன் ஏட்டில் எழுதிய கடிதம் இந்த ஊர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

சிறுவயதில் பள்ளிச் சுற்றுலா என்றால் எங்களுக்குத் தரங்கம்பாடிக் கோட்டைதான். அங்கே அலை கோட்டை வரைக்கும் வந்துவிட்டது. இங்கே கடலைத் தள்ளிவிட்டு ரோஜா வைத்திருக்கிறார்கள். விற்றுவிட்டுப் போன ஊரை இந்த நாடு அடியோடு மறந்துவிடவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். தரங்கம்பாடி ஆளுநர் மாளிகையைச் செப்பனிட்டதில் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பங்கு உண்டு.

பிற்பகல் அந்த அருங்காட்சியகம். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று நாம் பள்ளியில் உருப்போட்ட வரிசையை வகுத்த தாம்சன் இந்தச் சேகரிப்பை அடுக்கும்போதுதான் அதைக் கண்டடைந்தார். எல்லோரும் கூடி நிற்பது வெண்கலக் காலத்துச் சூரிய ரதத்தின் முன். ஒரே குதிரை, பின்னால் பொன் தகடு போர்த்திய வட்டு. 1902-இல் உழும்போது கிடைத்தது. எனக்குக் குண்டஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரைதான் பிடித்தது. அதன் உட்பக்கத் தகடு ஒன்றில் யானைகள். செய்தவன் யானையைப் பார்த்திருக்கவே மாட்டான், யாரோ சொல்லக் கேட்டுச் செய்திருக்கிறான். கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்து வளர்ந்த எனக்கும் அக்கா மகளுக்கும் சிரிப்பு அடங்க நேரமானது. காவலர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சனி

மழை. தோர்வால்ட்சன் அருங்காட்சியகம். நாற்பது வருடம் ரோமில் சிலை செதுக்கிவிட்டு 1838-இல் ஊர் திரும்பியவரைக் கூட்டம் கூடி வரவேற்றது, வெளிச்சுவரில் அந்தக் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. 1848-இல் திறந்த கட்டடம், முற்றத்தில் அவரே புதைந்திருக்கிறார். முற்றத்துச் சுவர்களில் மரங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், பனையும் உண்டு. மழைக்கும் குளிருக்கும் அசராத தோட்டம். சிலைகள் எனக்கு அலுப்பூட்டின. அவ்வளவு வழவழப்பு. அறைகளின் சுவர் நிறங்கள் அவற்றைவிட உயிரோடு இருந்தன.

ஞாயிறு

வடிவமைப்பு அருங்காட்சியகம். ஒரு காலத்தில் ஏழைகளுக்கான மருத்துவமனை. கீர்க்ககோர் 1855-இல் இங்கேதான் இறந்தார். நோயாளிகள் நடந்த முற்றத்தில் லிண்டன் மரங்கள், கீழே காபிக் கடை. உள்ளே நாற்காலிகள், நாற்காலிகள், மேலும் நாற்காலிகள். எல்லாம் அழகு. ஒன்றிலாவது உட்கார விட்டிருக்கலாம்.

திங்கள்

திங்களன்று பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. அக்கா மகளும் விடுப்பு எடுத்திருந்ததால் நடந்தே அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1760-இல் மதிலுக்கு வெளியே ஏழைகளைப் புதைக்கத் திறந்த இடம். கொஞ்ச காலம் கழித்து ஒரு பெரிய மனிதர் தன்னையும் இங்கேயே புதைக்கச் சொல்ல, அதன்பின் வசதியுள்ளவர்களும் வரிசையில் நின்றார்கள். கீர்க்ககோர் குடும்பத்தோடு இருக்கிறார். இயற்பியலாளர் நீல்ஸ் போரின் கல்லறைத் தூணின் உச்சியில் ஓர் ஆந்தை. ஆண்டர்சனுக்குத் துணையாக முதலில் நண்பர் எட்வர்ட் கொலினும் மனைவியும் அதே குழியில் இருந்தார்கள். பிற்பாடு கொலின் குடும்பத்தார் தங்கள் இருவரையும் வேறிடத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

இது பூங்காவா மயானமா என்ற குழப்பம் இங்கே யாருக்கும் இல்லை. ஒரு கிழவி மண்டியிட்டுக் கல்லறையோரச் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். நாலு மரம் தள்ளி ஒரு ஜோடி அரைகுறை உடையில் வெயில் காய்கிறது. நெட்டிலிங்கம் மாதிரி ஓங்கிய மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் சைக்கிள்கள் விர்ரென்று பறக்கின்றன. நான் இரண்டு முறை ஒதுங்கினேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “மயானத்துக்குப் போயிட்டு வந்திருக்கோம், தலைக்குக் குளிச்சிட்டுத்தான் அடுப்படிக்குப் போகணும்னு உங்க அம்மா சொல்லுவா” என்றேன்.

“அம்மாகிட்ட வாயே திறக்காதீங்க மாமா” என்றாள். “நான் தினம் ஆபீஸ் போறதே அது வழியாத்தான்.”