காசோலை திரும்பினால் ஒளிக்க வேண்டாம்



டப்ளின் என்றவுடன் அயர்லாந்தை நினைக்க வேண்டாம். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில். ஓக்லண்ட் பக்கமிருந்து வரும் பார்ட் ரயில் வந்து நிற்கும் கடைசித் தரிப்பிடம் எங்கள் ஊர். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலும் கிட்டத்தான். புதிதாக வந்து குடியேறும் எம்மவர் குடும்பங்களுடன், வெளியே சொல்ல எல்லோரும் வெட்கப்படும் ஒரு விஷயத்தைப் பேச விரும்புகிறோம். அதுதான் வங்கியிலிருந்து திரும்பி வரும் காசோலை.

நாணயம் என்ற ஒரே சொல் எமக்குக் காசையும் குறிக்கும், ஒருவரின் நேர்மையையும் குறிக்கும். "அவற்றை செக் திரும்பிப் போச்சாம்" என்ற கதை ஊர்ச் சந்தியில் கிளம்பிவிட்டால் கடைக்காரர் கடன் தரமாட்டார். சீட்டுப் பிடிப்பவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். சட்டமும் கடுமையானது. இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம், கணக்கில் பணமில்லாமல் காசோலை கொடுப்பதைக் குற்றமாக்கியது. இந்தியாவில் 1989 ஏப்ரல் முதல் அது குற்றம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தப் பயத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் நாம் இங்கு வந்து இறங்குகிறோம். அதனால் வங்கிக் கடிதம் வந்ததும் நம்மில் பலர் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். உண்மையான நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். 2009ஆம் ஆண்டில் ஒரு கடையில் வேலை செய்ததற்குச் சம்பளக் காசோலை தந்தார்கள். வங்கியில் போட்டோம். இரண்டு நாளில் பணம் கணக்கில் நிற்பதாக இயந்திரம் காட்டியது. வாடகைக்கும் மின்சாரத்துக்கும் காசோலை எழுதி அனுப்பினோம். அடுத்த கிழமை முதலாளியின் காசோலை பணமில்லை என்று திரும்பியது. அதைத் தொடர்ந்து எங்கள் இரண்டு காசோலைகளும் திரும்பின. முதலாளியின் காசோலை திரும்பியதற்கு எங்களிடமே 12 டொலர், எங்கள் இரண்டுக்கும் 35 டொலர் வீதம் 70, வீட்டுக்காரரின் கட்டணம் 25. மொத்தம் 107 டொலர். அப்போது இந்த மாநிலத்தின் ஆகக் குறைந்த கூலி மணிக்கு 8 டொலர். பதின்மூன்று மணித்தியால உழைப்புக்கு மேல், யாரோ எழுதிய காசோலையால் போயிற்று.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கணக்கில் பணம் தெரிவது வேறு, அந்தக் காசோலை உண்மையில் தேறுவது வேறு. போட்ட காசோலையின் பணத்தைக் குறித்த நாட்களுக்குள் எடுக்க விட வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டம் வங்கிகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அதற்குப் பின்னரும் காசோலை திரும்பலாம். திரும்பினால் வங்கி பணத்தை எங்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். முன்பின் தெரியாதவர் காசோலை அனுப்பி, "மிச்சக் காசைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டு ஏமாற்றுவதும் இந்த இடைவெளியை வைத்துத்தான்.

அன்றைக்கு அம்மா, "ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ, மானம் போகும்" என்றார். நாங்கள் மறுநாள் காலையிலேயே வீட்டுக்காரரிடம் போய் உள்ளதைச் சொன்னோம். 25 டொலரை அவர் விடவில்லை. ஆனால் வாடகைக்கு ஒரு கிழமை தவணை தந்தார். வங்கியில் கேட்டோம், ஒரு கட்டணத்தைத் திருப்பிப் போட்டார்கள். வாய் திறந்ததால் வந்த 35 டொலர் அது.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வங்கி எடுக்கும் கட்டணம் எல்லாம் நியாயமானதுமல்ல. கணக்கில் 100 டொலர் இருக்கிறது. ஒரே நாளில் 10 டொலர்ச் செலவு மூன்றும் 95 டொலர்ச் செலவு ஒன்றும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சிறியதிலிருந்து கழித்தால் ஒன்றுக்குத்தான் பணம் போதாது. பெரியதிலிருந்து கழித்தால் மூன்றுக்குப் போதாது; மூன்று கட்டணம். வங்கி அட்டைச் செலவுகளை இப்படிப் பெரியதிலிருந்து கழித்த வழக்கில், 2010 ஓகஸ்டில் சன் பிரான்சிஸ்கோவின் சமஷ்டி நீதிபதி வில்லியம் அல்சப், வெல்ஸ் பார்கோ வங்கி கலிபோர்னிய வாடிக்கையாளர்களுக்கு 203 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். வங்கி மேன்முறையீடு செய்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததோடு தீர்ப்பு நிலைத்தது.

கலிபோர்னியாச் சட்டத்தில் நாம் தெரிந்திருக்க வேண்டியவை சில. பணம் போதாமல் காசோலை திரும்புவது மட்டும் குற்றமல்ல. ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் குற்றம். காசோலையைப் பெற்றவர் முதல் தடவைக்கு 25 டொலரும், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 35 டொலரும் வரை அறவிடலாம். ஆனால் அவர் சான்றிதழ்த் தபாலில் கேட்டு 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால், காசோலைத் தொகையோடு அதன் மூன்று மடங்கை, குறைந்தது 100, கூடியது 1,500 டொலரை, நட்டஈடாகக் கேட்டு வழக்குப் போடலாம். லாச்சிக்குள் பூட்டிய கடிதம் இப்படித்தான் வளர்கிறது. வீட்டுக்காரர் மூன்று மாதம் வரை வாடகையைக் காசாகவே தரும்படியும் கேட்கலாம். காசாகக் கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

சம்பளக் காசோலை திரும்பினால் மாநிலத் தொழில் ஆணையாளரிடம் முறையிடலாம். வேண்டுமென்று செய்யவில்லை என்று முதலாளி காட்டாவிட்டால், பணம் தரும்வரை 30 நாள் வரையான நாட்சம்பளத்தைத் தண்டமாகக் கட்ட வேண்டும். இந்த உரிமைக்கு விசா நிலை தடையல்ல. எங்கள் முதலாளி, முறைப்பாட்டுப் படிவத்தைக் கண்டதும் சம்பளத்தையும் நாங்கள் இழந்த பணத்தையும் காசாக எண்ணித் தந்தார்.

2022இல் பல பெரிய வங்கிகள் திரும்பும் காசோலைக்கான கட்டணத்தை நிறுத்திவிட்டன. எல்லா வங்கியும் நிறுத்தவில்லை. கணக்குத் திறக்கும்போதே கேளுங்கள். கணக்கில் பணமில்லாவிட்டாலும் அட்டை வேலை செய்யட்டுமா என்று கேட்டு ஒரு படிவம் நீட்டுவார்கள். 2010 முதல், உங்கள் சம்மதமில்லாமல் அட்டைச் செலவுக்கு அந்தக் கட்டணம் எடுக்க முடியாது. ஆகவே வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம். கடன்பட்ட கணக்கை அப்படியே கைவிட்டுவிடவும் வேண்டாம். வங்கி அதை மூடி செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற பதிவில் சேர்த்தால் ஐந்து ஆண்டு அங்கே கிடக்கும். வேறு வங்கியில் கணக்குத் திறப்பதே கஷ்டமாகிவிடும்.

ஒரு கொப்பி வாங்குங்கள். எழுதிய ஒவ்வொரு காசோலையையும் அன்றே அதில் கழித்து எழுதுங்கள். இயந்திரத்துக்கு நீங்கள் நேற்றுத் தபாலில் போட்டது தெரியாது, கொப்பிக்குத் தெரியும். அப்படியும் ஒன்று திரும்பினால், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். ஆங்கிலம் பேசத் தயக்கமானால், முன்னுக்கு வந்த குடும்பம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூப்பிட்டால் நாங்களும் வருவோம்.