சிகாகோவில் ஓர் எஃகுப் பந்தல்

மிச்சிகன் அவென்யூ சிகாகோவின் முகப்பு வீதி. அதன் மேற்குப் பக்கம் முழுக்க வானுயர்ந்த கட்டடங்கள். கிழக்குப் பக்கம் பூங்கா, அதற்கு அப்பால் கடலென்றே நம்பத் தோன்றும் மிச்சிகன் ஏரி. அந்த வீதியிலிருந்து மில்லினியம் பூங்காவுக்குள் படியேறி, அனிஷ் கபூர் வடித்த பளபளக்கும் ‘கிளவுட் கேட்’ சிற்பத்தைத் தாண்டி நடந்தால், மரங்களுக்கு மேலே எஃகுப் பட்டைகள் சுருண்டும் விரிந்தும் எழுந்து நிற்பது தெரியும். 120 அடி உயரம். அகன்ற தகடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வளைந்து, நடுவில் ஒரு மேடைக்கு வாய் திறந்து விடுகின்றன. இதுதான் ஜே பிரிட்ஸ்கர் பெவிலியன். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்து, 2004 ஜூலையில் திறக்கப்பட்ட திறந்தவெளி இசை அரங்கம்.

படங்களில் பலமுறை பார்த்ததுதான். ஆனால் படம் எடுப்பவர்கள் எல்லோரும் அந்த எஃகு முகப்பையே எடுக்கிறார்கள். அரங்கின் உண்மையான அளவு அதில் அடங்குவதில்லை. நேரில் நின்ற பிறகுதான், என் தலைக்கு மேலே இருந்ததை நிமிர்ந்து பார்த்தேன்.

மேடைக்கு எதிரே 4,000 நாற்காலிகள். அவற்றுக்குப் பின்னால் 95,000 சதுர அடியில் ஒரே பரப்பாகப் புல்வெளி. இரண்டு ஏக்கருக்கும் அதிகம். அதில் 7,000 பேர் உட்காரலாம். நாற்காலியும் புல்லும் சேர்ந்த இந்த முழு இடத்துக்கும் மேலே, 600 அடி நீளம், 300 அடி அகலத்துக்கு, எஃகுக் குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு வளைந்து போகின்றன. நம் கொல்லைப்புறத்தில் புடலைக்குப் போடும் பந்தலை ஓர் ஊர் அளவுக்குப் பெரிதாக்கியது போல இருந்தது. கூரை கிடையாது. வெயில் விழும், மழை விழும், வானம் முழுசாகத் தெரியும். கீழே புல்வெளியில் ஒரு தூண்கூட இல்லை. குழாய்கள் எல்லாம் ஓரங்களில் மட்டும் ஊன்றி, நடுவில் யார் பார்வையையும் மறைக்காமல் தாண்டிச் செல்கின்றன.

இவ்வளவும் நிற்பது மண்ணின் மேல் அல்ல. புல்லுக்குக் கீழே வாகன நிறுத்துமிடம், அதற்குப் பக்கத்தில் ரயில் பாதைகள். நூறாண்டுக்கும் மேலாக இந்த இடம் ஒரு ரயில் நிறுவனத்தின் தண்டவாளங்களும் சரக்குப் பெட்டிகளும் கிடந்த பள்ளம். நகரத்தின் நடு மார்பில் அப்படியொரு பள்ளம் கிடந்ததைப் பொறுக்க முடியாமல்தான், 1990-களின் கடைசியில் மேயர் ரிச்சர்ட் எம். டேலி அதை மூடிப் பூங்கா ஆக்கும் வேலையைத் தொடங்கினார். 24.5 ஏக்கர் பூங்கா முழுவதுமே ஒரு மாடித் தோட்டம் என்று சொல்லலாம். நாம் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, அடியில் புறநகர் ரயில்கள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன.

ஏரிக்கரையை ஒட்டி இந்த நிலம் திறந்தே கிடப்பதற்குப் பின்னால் ஒரு நெடிய சண்டை இருக்கிறது. 1836-இல் வரைந்த நில வரைபடத்திலேயே, இந்தக் கரை என்றென்றும் பொதுமக்களுக்குரிய திறந்தவெளியாக, கட்டடம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தார்கள். 1871-இல் நகரம் தீப்பற்றி எரிந்தபோது மிஞ்சிய இடிபாடுகளைக் கொண்டுவந்து ஏரியில் கொட்ட, கரை இன்னும் அகலமானது. அகலமானதும் எல்லோர் கண்ணும் அதன் மேல் விழுந்தது. தபால் வழி வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த ஏரன் மாண்ட்கோமரி வார்டு என்ற வியாபாரி, 1890-இல் வழக்குப் போட்டார். இருபது ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி இறங்கினார். பூங்காவில் நல்ல காரியத்துக்குக்கூடக் கட்டடம் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றதால், நகரத்துப் பெரிய மனிதர்கள் பலருக்கு அவர் ஆகாதவரானார். அவர் ஜெயித்ததால்தான் இன்றைக்கு மிச்சிகன் அவென்யூவில் நிற்கும் யாராலும் கிழக்கே வானத்தைப் பார்க்க முடிகிறது.

அந்தக் கட்டுப்பாடு இன்றும் செல்லும். பிறகு 120 அடி உயர எஃகு எப்படி எழுந்தது? இதைக் கட்டடம் என்ற கணக்கில் சேர்க்காமல், கலைப்படைப்பு என்ற கணக்கில் சேர்த்தார்கள். அரங்கத்தின் முதுகோடு ஒட்டியிருக்கும் ஹாரிஸ் அரங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அது சுமார் 1,500 இருக்கைகளோடு பெரும்பகுதி பூமிக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. இரண்டுக்கும் மேடைக்குப் பின்னால் உள்ள வசதிகள் பல பொது. வடக்கே ராண்டால்ஃப் வீதிப் பக்கமாகப் போய்ப் பின்புறத்தைப் பார்த்தேன். முன்னால் வழுவழுப்பாக வளையும் அந்தத் தகடுகளைப் பின்னாலிருந்து எஃகுச் சட்டங்கள் முட்டுக் கொடுத்துத் தாங்குகின்றன. அதை மறைக்க கெரி எந்த முயற்சியும் எடுக்கவில்லை. எடை எங்கே இறங்குகிறது, எது எதைப் பிடித்திருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் நின்று படித்துக்கொள்ளலாம். இந்த வெளிப்படைத்தன்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான் போனது கிராண்ட் பார்க் இசை விழாவின் கச்சேரி ஒன்றுக்கு; மாலை ஆறரைக்குத் தொடக்கம். கோடையில் சிகாகோவில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். என் தங்கை மகள் அலுவலகத்திலிருந்து நேரே வந்திருந்தாள். பல ஆண்டுகளாக இந்த ஊர்ப்பக்கம் இருப்பவள்.

“மாமா, முன்னாடி நாற்காலியில உக்காரலாமா, இல்ல புல்லுல உக்காரலாமா?” என்று கேட்டாள்.

“எதுல நல்லாக் கேக்கும்?”

“அதைத்தான் நீங்களே கேட்டுப் பாருங்க மாமா.”

மேடைக்கு மிக அருகில் உள்ள சில இருக்கைகளை விழாவின் உறுப்பினர்களுக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். மற்ற இருக்கைகளும் புல்வெளி முழுவதும் இலவசம். டிக்கெட் கிடையாது. முதல் பகுதிக்கு நாற்காலியில் இடம் பிடித்தோம். பின்னால் புல்வெளி மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. போர்வை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை எடுத்து வைக்கும் குடும்பங்கள்; அலுவலக உடையோடு செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்த இளைஞர்கள்; மடக்கு நாற்காலியும் கம்பளியுமாக வந்த முதிய தம்பதிகள்; புல்லில் உருண்டுகொண்டிருந்த குழந்தைகள். மேடையில் நூறு பேருக்கு மேல் கொள்ளும் இசைக்குழுவுக்கும், பின்னால் மாடத்தில் 150 பேர் கொண்ட பாடகர் குழுவுக்கும் இடம் இருக்கிறது. அன்றைக்கு வாசித்தது கிராண்ட் பார்க் இசைக்குழு.

முதல் பகுதி முடிந்ததும் எழுந்து புல்வெளியின் கடைசிக்கு நடந்தோம். மேடையில் வாசிப்பவர்களின் முகம் இனித் தெரியாது. வயலின் வில்கள் ஒன்றாக ஏறி இறங்குவது மட்டும் கோடுகளாகத் தெரிந்தது. இரண்டாம் பகுதியில் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்ஃபனி. அதன் இரண்டாம் பாகத்தில், ஒரே ஒரு ஊதுகருவி, ஆங்கிலக் குழல் என்று அழைக்கப்படுவது, மிக மெதுவாக ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு போகும். சுற்றிலும் தந்திகள் ஏறக்குறைய மூச்சு விடாமல் நிற்கும். பத்தாயிரம் பேர் கூடும் திறந்தவெளியில், சாலை ஓசைக்கு நடுவே, அந்த ஒற்றைக் குழல் எங்களை வந்து சேராது என்றே எண்ணியிருந்தேன். அது வந்தது. வாசிப்பவர் மூச்சு எடுக்கும் இடைவெளி உட்பட எல்லாம் கேட்டது. அதிலும் ஆச்சரியம், தலைக்கு நேர் மேலே குழாயில் ஒலிபெருக்கி தொங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒலி அதிலிருந்து வருவதாகத் தோன்றவே இல்லை. தூரத்து மேடையிலிருந்துதான் வந்தது.

இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தபோது அந்தப் பந்தலின் அர்த்தம் விளங்கியது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 600 அடி, அதாவது ஏறக்குறைய 180 மீட்டர் தள்ளி இருப்பவரை அடைய அதற்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. மின்கம்பியில் போகும் ஒலியோ கணத்தில் போய்விடும். அப்படியே விட்டால் கடைசியில் இருப்பவருக்கு முதலில் தலைக்கு மேலிருந்து ஒருமுறை, பிறகு மேடையிலிருந்து இன்னொரு முறை என்று இரட்டை இரட்டையாகக் கேட்டு எல்லாம் குழம்பும். அதனால் ஒவ்வொரு வரிசை ஒலிபெருக்கிக்கும், அது மேடையிலிருந்து எத்தனை தூரமோ அதற்கேற்பத் தாமதம் கொடுத்திருக்கிறார்கள். மேடையின் ஒலி வந்து சேர்ந்த மறுகணமே பந்தலின் ஒலியும் அதோடு கைகோத்துக்கொள்கிறது. முதலில் எந்தத் திசையிலிருந்து ஒலி வந்ததோ, அங்கிருந்தே எல்லாம் வருவதாக எடுத்துக்கொள்வது நம் மூளையின் இயல்பு. எனவே காது மேடையையே நம்புகிறது.

இது பாதிதான். மூடிய மண்டபத்தில் இசை செறிவாகக் கேட்பதற்குக் காரணம் சுவர்கள். பக்கச் சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி நம்மைச் சுற்றி வளைக்கிறது. வெட்டவெளியில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. வாசித்த கணத்தோடு ஒலி காற்றில் கரைந்துவிடும். ஓக் பார்க்கைச் சேர்ந்த டலாஸ்கே நிறுவனத்து ஒலியியல் வல்லுநர்கள், இல்லாத அந்தச் சுவர்களின் வேலையைச் செய்ய இன்னொரு தொகுதி ஒலிபெருக்கிகளைப் பந்தலிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். பட்டுத் திரும்பும் ஒலியை அவை உருவாக்கித் தருகின்றன. ஆக, நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒலியால் கட்டிய ஒரு மண்டபத்துக்குள். அதன் எல்லையைத்தான் எஃகுக் குழாய்கள் வானத்தில் வரைந்து காட்டுகின்றன. கம்பங்கள் நட்டு ஒலிபெருக்கி மாட்டியிருந்தால் பின்னால் இருப்பவர்களின் பார்வையை அவை மறித்திருக்கும். அந்த ஒரு சிக்கலுக்குக் கண்ட தீர்வே இந்த அரங்கின் அழகாகவும் ஆகிவிட்டது.

கிழக்கே கொலம்பஸ் டிரைவ் சாலை. அதைத் தாண்ட கெரி 925 அடி நீளத்துக்கு, வளைந்து வளைந்து போகும் ஒரு நடைபாலமும் கட்டினார். அடியில் மரப்பலகை, பக்கவாட்டில் எஃகுத் தகடு. நடப்பவருக்கு அது பாலம். புல்வெளியில் கேட்பவருக்கு அது சாலை இரைச்சலைத் தடுக்கும் மதில்.

பூங்காவின் தெற்கு எல்லையில், மன்றோ வீதிக்கு அப்பால், ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கட்டடம். 1893 செப்டம்பரில் சுவாமி விவேகானந்தர் சர்வசமய மாநாட்டில் பேசியது அங்கேதான். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக நிதி திரட்டியதும், ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி துணை நின்றதும் நாம் அறிந்தவை. அன்று ஒலிவாங்கி இல்லை. ஆயிரக்கணக்கானோர் நிறைந்த மண்டபத்தில், ஒரு மனிதக் குரல் தன் பலத்திலேயே கடைசி வரிசைக்குப் போக வேண்டியிருந்தது. கூப்பிடு தூரத்தில், நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, அதே கடைசி வரிசைக்காக இவ்வளவு பெரிய எஃகும் இவ்வளவு நுட்பமான கணக்கும் எழுந்திருப்பது என்னை நெகிழ வைத்தது.

இந்தப் பூங்கா சிக்கனமாக முடிந்ததல்ல. சுமார் 15 கோடி டாலர் என்று தொடங்கியது, 47.5 கோடி டாலரில் போய் நின்றது. 2000-இல் திறப்பதாக இருந்தது நான்கு ஆண்டு தள்ளிப்போனது. அரங்கத்துக்கு மட்டும் சுமார் 6 கோடி டாலர். ஹயாத் ஹோட்டல்களை நடத்திய ஜே பிரிட்ஸ்கரின் குடும்பம் அதில் 1.5 கோடி கொடுத்தது. செலவைப் பற்றி அன்று கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதில் நியாயமும் உண்டு. ஆனால் செலவழித்த பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கிராண்ட் பார்க் இசை விழா 1935-இல் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த இசைக்கலைஞர்களுக்குப் பிழைப்பும், சோர்ந்திருந்த ஊர் மக்களுக்கு ஆறுதலும் வேண்டும் என்று கலைஞர்கள் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ முன்னின்று நடத்தியது. அன்றிலிருந்து இன்றுவரை கட்டணமில்லாமல் நடக்கிறது. அந்த விழாவுக்குத்தான் இந்த அரங்கம் நிரந்தர வீடு.

பெரிய அரங்கங்களை நாம் இருக்கை எண்ணிக்கையை வைத்தே அளக்கிறோம். அந்தக் கணக்கில் 11,000 என்பது உலக அளவில் பெரிய எண் அல்ல. விலையில்லாமல், பிந்தி வந்து, கோடியில் உட்கார்ந்தவருக்கு மேடையில் நடப்பது எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒருவர் அரங்கம் வரைந்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு சிகாகோவில் சான்று நிற்கிறது.

கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள், ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நடக்கும் இந்தக் கச்சேரிகளில் ஒன்றுக்குப் போய்விடுங்கள். கையில் ஒரு போர்வையும் கொஞ்சம் சாப்பாடும் போதும். முதல் பாதி மேடைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு, இடைவேளையில் எழுந்து புல்வெளியின் கடைசிக்கு நடந்து போங்கள். இரண்டு இடத்திலும் கேட்ட பிறகு, நம் ஊர்களில் பொதுப்பணத்தில் எழும் ஒவ்வொரு கலையரங்கத்திலும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கும் வந்துவிடும். அந்தப் பழக்கம் நமக்குத் தேவை.