முக்கால் அங்குலச் செங்கல்

பூசாத செங்கல் சுவரைப் பார்த்தால் "பணம் பத்தலையா, பாதியில நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இன்று அதே நாம் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த சுவரின் மேல் செங்கலின் முகத்தை மட்டும் வாங்கி ஒட்டுகிறோம். முக்கால் அங்குலத் தடிமன்தான் இருக்கும். கடைகளில் பிரிக் கிளாடிங் என்பார்கள், பிரிக் டைல் என்பார்கள், கொஞ்சம் விவரமான கடையில் பிரிக் ஸ்லிப் என்பார்கள்.

எங்கள் வரவேற்பறைச் சுவர் ஒன்றுக்கு இதை வாங்கலாமா என்று பார்க்கப் போனபோது கடைக்காரர் சொன்ன ஒரு கதைதான் என்னைக் கிளப்பிவிட்டது. "இது லண்டன்ல வந்த ஐடியா சார். அந்தக் காலத்துல ராஜா செங்கலுக்கு வரி போட்டுட்டாரு. வரியில தப்பிக்கத்தான் ஜனங்க இப்படி மெல்லிசா செஞ்சு ஒட்டினாங்க." கேட்பதற்கு அழகான கதை. இங்கிலாந்தைப் பற்றிய பல எழுத்துகளிலும் இதையே படித்தேன். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது கதை நிற்கவில்லை.

செங்கல் வரி உண்மை. அமெரிக்காவில் போரிட்டுத் தோற்ற செலவை ஈடுகட்ட, மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் 1784இல் அந்த வரி வந்தது. ஆனால் கடைக்காரர் சொன்ன மெல்லிய செங்கல் அங்கே ஓடு வகை; அதே சட்டம் ஓட்டுக்கும் வரி போட்டது. செங்கலை விட்டு ஓட்டுக்கு மாறினால் வரியில் என்ன லாபம்? இன்னொன்று, செங்கல் போலத் தோன்றும் அந்த ஓடுகள் 1784க்குப் பல பத்தாண்டுகள் முன்பே தென் இங்கிலாந்தில் சுவரேறிவிட்டன. வரியை ஏய்க்க நிஜமாகவே முயன்றவர் லெஸ்டர்ஷயரில் மீஷம் என்ற ஊரில் சூளை வைத்திருந்த ஜோசப் வில்க்ஸ். அவர் செய்தது நேர் எதிர். வரி எண்ணிக்கைக்குத்தானே, கல்லையே பெரிதாக அறுத்துவிடுவோம் என்று குண்டுக் கற்களைப் போட்டார். 1803இல் அரசு விழித்துக்கொண்டு, 150 கன அங்குலத்தைத் தாண்டிய கல்லுக்கு இரட்டை வரி என்றது. ஆக, வரி செங்கலைத் தடிக்க வைத்ததே ஒழிய மெலிய வைக்கவில்லை. 1850இல் அந்த வரி ஒழிந்தது.

அப்படியானால் எதற்காக மெலிந்தது? லண்டனில் தங்கை வீட்டில் தங்கியிருந்த ஒரு கோடையில் ரயிலேறி லூயிஸ் என்ற சிறு நகரத்துக்குப் போனேன். சசெக்ஸ் பகுதி. மேடேறும் கடைத்தெருவின் இருபுறமும் நேர்த்தியான செங்கல் வீடுகள். எதிரே நின்று பார்த்தால் சந்தேகமே வராது. பக்கவாட்டில் போய் மூலையைப் பார்க்க வேண்டும். நிஜச் செங்கல் சுவர் என்றால் மூலையில் ஒரு கல்லின் நீட்டுமுகமும் அடுத்ததன் குட்டைமுகமும் மாறி மாறி வரும். இங்கே சுவர் முடிகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு மரச்சட்டம் அடித்து பெயின்ட் பூசியிருந்தது. ஓட்டால் மூலை திரும்ப முடியவில்லை, அதனால் சட்டத்தை வைத்து மறைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் ஓரம் ஓர் ஓடு உடைந்து உள்ளமைப்பு தெரிந்தது. மேல்பாதி மெல்லிய நாக்கு, அதில் ஆணித் துளை. கீழ்ப்பாதி மட்டும் தடித்து, செங்கல் முகமாக வெளியே துருத்துகிறது. மரச் சட்டங்களில் கீழிருந்து மேலாக ஆணியடித்துக்கொண்டே போனால், மேல் வரிசையின் முகம் கீழ் வரிசையின் நாக்கை மறைத்துவிடும். இடுக்கில் சுண்ணாம்புக் கலவையைத் தடவினால் ஜாயின்ட் வைத்துக் கட்டிய சுவர்தான். மேத்தமேட்டிக்கல் டைல் என்று இதற்குப் பெயர்.

காரணம் அந்தத் தெருவிலேயே இருந்தது. அந்த முகங்களுக்குப் பின்னால் நிற்பவை பழைய மரச்சட்ட வீடுகள். கடற்காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை மரச்சட்டத்துக்கு ஆகாது. கூடவே, மர வீடு பழசு, செங்கல் வீடு புதுசு என்ற நாகரிகமும் சேர்ந்துகொண்டது. வீட்டை இடித்துக் கட்ட எல்லோரிடமும் பணம் இல்லை. அஸ்திவாரத்தைத் தொடாமல், உள்ளே குடியிருப்பவர்களைக் காலி செய்யாமல், முகப்பை மட்டும் செங்கலாக்க அந்த ஓடு உதவியது. நம் வீடுகளில் இன்று நடப்பதும் இதுவேதான்.

ஏழைக்கு மட்டுமான வேலை என்றும் இதை நினைத்துவிடக் கூடாது. லூயிஸிலிருந்து சிறிது தூரத்தில் பிரைட்டன். அங்கே 1807இல் கட்டி முடித்த ராயல் கிரசென்ட் வீடுகள் முழுக்கக் கறுப்பு மெருகேற்றிய இதே ஓடுகளை அணிந்து கடலைப் பார்த்து நிற்கின்றன. இளவரசி டயானாவின் பிறந்த குடும்பத்துக்குச் சொந்தமான ஆல்தார்ப் மாளிகை இன்னும் விசேஷம். அது அசல் சிவப்புச் செங்கல் கட்டடம். சிவப்பு நாகரிகம் இழந்ததும், 1780களின் இறுதியில் ஹென்றி ஹாலண்ட் என்ற கட்டடக் கலைஞர் அதன் மேல் வெளிர்நிற ஓடுகளைப் போர்த்தினார். செங்கலின் மேல் செங்கல் வேஷம்! இதைப் படித்த பிறகு, ஒட்டுச் செங்கல் என்றாலே போலி என்று முகம் சுளிப்பவர்களோடு என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை.

இன்னும் பின்னே போனால் ரோம். பாந்தியன் கோயிலின் பெருஞ்சுவர்களுக்குள் இருப்பது கான்கிரீட். செங்கல் வெளிமுகம் மட்டுமே. ஆனால் ரோமானியக் கொத்தனார் அதை ஒட்டவில்லை. சதுரக் கல்லைக் குறுக்கே வெட்டி முக்கோணமாக்கி, நீண்ட பக்கம் வெளியே தெரிய, கூர்முனை கான்கிரீட்டுக்குள் புதைய வைத்துக் கட்டுவது அவர்கள் வழக்கம். பல்லைப் போல வேர்விட்ட முகம் அது, கழன்று விழாது. அந்த வேர்தான் நம் முக்கால் அங்குலத்தில் இல்லை. அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

முகப்பு சரி, வீட்டுக்கு உள்ளே செங்கல் தெரிய வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது? பிரைட்டனிலும் ரோமிலும் உட்சுவரைப் பூசிவிட்டார்கள். இந்த ஆசைக்கு எனக்குக் கிடைத்த வேர்கள் இரண்டு, இரண்டுமே சிக்கனத்தில் ஊன்றியவை. ஒன்று நியூயார்க்கின் சோஹோ. தொழிற்கூடங்கள் காலியான பிறகு, 1960களில் குறைந்த வாடகைக்காக ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே குடியேறினார்கள். சுவரைப் பூசிப் பளபளப்பாக்க அவர்களிடம் பணமும் இல்லை, விருப்பமும் இல்லை. தொழிற்கூடச் செங்கல் அப்படியே வீட்டுச் சுவரானது. 1971இல் கலைஞர்கள் அங்கே வசிப்பதைச் சட்டம் ஏற்றது. பிறகு வந்த பணக்காரர்கள் அந்தச் சுவருக்காகவே அதிக வாடகை கொடுத்தார்கள்.

மற்றொன்று நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தில். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து கேரளத்துக்காரராகவே வாழ்ந்து மறைந்த லாரி பேக்கர். அங்கே அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை அவசியம் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஜன்னலுக்குப் பதில் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. கற்களைக் குத்தவைத்து நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் ராட் டிராப் (எலிப்பொறி) கட்டு. இதில் கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம், உள்ளிருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். பூச்சு கிடையாது, ஆகவே சில வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் செலவும் கிடையாது. அங்கே ஒரு தாழ்வாரத்தில் சுவரோடு கையை வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு கல் வெந்து கறுத்திருக்கிறது, அடுத்தது ஆரஞ்சு, இன்னொன்றின் மேல் அதை அறுத்தவரின் விரல் தடம். அந்தச் சமமின்மைதான் அழகு. அச்சடித்த வால்பேப்பரிலும் சிமென்டில் வார்த்துச் சாயம் போட்ட டைலிலும் அது வரவே வராது. பொருள் தன் முகத்தோடு இருக்கட்டும் என்ற கொள்கை பேக்கருடையது. என் வரவேற்பறைச் சுவரை அவர் ஏற்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் பூச்சை உரித்தால் உள்ளே இருப்பது சாம்பல் நிற ஏஏசி பிளாக், அதாவது எடை குறைந்த கான்கிரீட் கல். காட்டுவதற்குச் செங்கலே இல்லாத சுவருக்கு அவருடைய வழியில் விடை இல்லை.

மெல்லிய செங்கல் நமக்கு அந்நியமும் அல்ல. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களுக்கு மேல் சுண்ணாம்பில் குத்தவைத்து அடுக்கிய அச்சுக்கல் ஒரு அங்குலத் தடிமன்தான். ஆனால் அது கூரையைத் தாங்கியது. நாம் ஒட்டுவது எதையும் தாங்குவதில்லை, அதைத்தான் சுவர் தாங்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் அந்த வேர் விஷயம். 1970களின் பிரிட்டனில் கான்கிரீட் தளங்களின் விளிம்பை மறைக்க பிரிக் ஸ்லிப் ஒட்டினார்கள். சூளையிலிருந்து வந்த புதுச் செங்கல் ஈரத்தை உறிஞ்சி மெல்ல விரியும். கான்கிரீட்டோ காய்ந்து சுருங்கும், சுமையில் அமுங்கும். இரண்டுக்கும் நடுவே நெருக்குண்ட ஸ்லிப்புகள் பல கட்டடங்களில் கழன்று விழுந்தன. வீட்டுக்குள் ஒரு சுவரில் அவ்வளவு விசை கிடையாது என்றாலும் எடை உண்டு. 20 மில்லிமீட்டர் களிமண் ஸ்லிப் சதுர மீட்டருக்கு 38 கிலோ அளவில் வரும். பத்தடிக்கு ஒன்பதடிச் சுவருக்கு 300 கிலோவுக்கு மேல். அதே சுவருக்கு முன்னால் முழுச் செங்கலை ஒற்றை வரிசையாகக் கட்டினால் ஏறத்தாழ ஒன்றரை டன் ஏறும், அறையில் நாலு அங்குலமும் போகும். ஆகவே மாடி வீட்டுக்கு ஸ்லிப்தான் பொருத்தம். செலவு குறைவதும் இதனால்தான்: தளத்துக்குப் பாரம் இல்லை, இடம் போகவில்லை, இரண்டு ஆள் சில நாளில் முடித்துவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் அறுப்பதையும் பார்த்தேன். தண்ணீர் ஒழுகும் வட்டரம்பத்தில் மேஸ்திரி கல்லைத் தள்ளுகிறார். இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு முகம் சீவி எடுத்தாகிவிட்டது. நடுத்துண்டு ஒதுக்குப்புறக் குவியலுக்குப் போகிறது. மூலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கல்லை ட வடிவத்தில் குடைந்து அறுத்து நீட்டினார். "இதை வெச்சா முழுக்கல்லுன்னுதான் சார் நினைப்பாங்க." லூயிஸில் மரச்சட்டம் போட்டு மறைத்த இடத்துக்கு விடை அது. விலை கூடுதல்தான், ஆனாலும் மூலைக்கு அதை வாங்குவதே சரி.

ஒட்ட நினைப்பவர்களுக்கு என் தேடலில் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுட்ட களிமண்ணை வாங்குங்கள். குளியலறைக்கு அடுத்த சுவரென்றால் ஓதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரச்சுவரில் ஒட்டினால் உப்புப் பூத்து வெளுத்துவிடும். பட்டியையும் பெயின்டையும் சுரண்டி, சிமென்ட் பூச்சு வரை போய், அதன் மேல் டைல் பசையில் ஒட்டச் சொல்லுங்கள். புதிய அடுக்குமாடிகளில் உட்பூச்சு பெரும்பாலும் ஜிப்சம். ஜிப்சம் பூச்சு சதுர மீட்டருக்கு 20 கிலோ, ஜிப்சம் போர்டு 32 கிலோ வரைதான் தாங்கும் என்பது பிரிட்டிஷ் டைல் வேலைக்காரர்களின் கணக்கு. 20 மில்லிமீட்டர் ஸ்லிப் இரண்டையும் மீறுகிறது, ஆகவே ஜிப்சத்தின் மேல் அதை ஒட்ட வேண்டாம். நாலைந்து பெட்டியை ஒன்றாகப் பிரித்து, கல்லைக் கலந்து ஒட்டினால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியாது.

உங்கள் வீடு நாற்பது, ஐம்பது வருடப் பழையதென்றால் கடைக்குப் போகும் முன், சோபாவுக்குப் பின்னால் மறைகிற இடமாகப் பார்த்து, ஒரு அடிக்கு ஒரு அடி பூச்சைக் கொத்திப் பாருங்கள். உள்ளே நன்றாக வெந்த சூளைச் செங்கல் இருந்தால், காசைப் பூச்சு எடுக்கும் ஆளுக்குக் கொடுங்கள், டைல் வேண்டாம்.