நெருப்பில்லாத வால்

செம்பூரில் ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடி. சாப்பாட்டு மேஜையில் விரித்த செய்தித்தாள் மீது 22 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு போர் விமானம். அசலில் 72-ல் ஒரு பங்கு. இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானமான எச்.எஃப்.-24 மருத். (அனுமனை மாருதி என்கிறோமே, அந்தக் காற்றின் பெயர்தான். காருக்கு முன்பே விமானத்துக்கு வைத்துவிட்டார்கள்.) வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பெட்டி. பாகங்களை ஒட்டுபவர் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். உப்புத்தாளால் தேய்ப்பது 11 வயதுப் பேரன்.

தகராறு வாலில் ஆரம்பித்தது. பின்னால் இருக்கும் இரண்டு துளைகளிலும் ஆரஞ்சு வண்ணத்தில் நெருப்பு வைக்க வேண்டும் என்றான் பேரன்.

"இதுக்கு நெருப்பு கிடையாதுடா."

"நெருப்பில்லாம என்ன ஃபைட்டர், தாத்தா?"

பையன் தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்துவிட்டான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டாங்க் 1956-ல் பெங்களூர் வந்தார். முதலில் அதே அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து, 1959-ல் டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் பறக்கவிட்டார்கள். "அவங்களும் பொம்மையிலதான் ஆரம்பிச்சாங்க" என்பதில் தாத்தாவுக்குத் தனி மகிழ்ச்சி. 1961 ஜூன் 17-ல் சுரஞ்சன் தாஸ் அசல் விமானத்தை ஓட்டினார்.

உடம்பு ஒலியைப்போல இரு மடங்கு வேகத்துக்கு வரைந்தது. எஞ்சின்தான் கிடைக்கவில்லை. நெருப்பு உமிழும் ஆர்ஃபியஸ் 12-ஐ உருவாக்கும் செலவில் பங்குபோட இந்தியா முன்வரவில்லை. பிரிட்டனும் அதைக் கைவிட்டது. சாதாரண ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பொருத்தினார்கள். ஒலியின் வேகத்தை எட்டவே திணறியது. அப்படியே 147 விமானங்கள் தயாராயின. 1971-ல் லோங்கேவாலாப் பகுதியில் நன்றாகவே போரிட்டன.

"ஒண்ணுக்குக்கூடவா நெருப்பு வைக்கல?"

வைத்தார்கள். உள்நாட்டிலேயே செய்து பொருத்திப் பார்த்தார்கள். அந்த மருத்தில்தான் 1970 ஜனவரி 10-ல், புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து தாஸ் இறந்தார். இதைச் சொல்லலாமா என்று தாத்தா கொஞ்சம் யோசித்தார். பிறகு சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு இருவரும் வொர்லி நேரு அறிவியல் மையத்துக்குப் போனார்கள். அங்கே அசல் மருத் ஒன்று நிற்கிறது. பையன் குனிந்து வால் துளைகளையே வெகுநேரம் பார்த்தான்.

வீடு திரும்பியதும் கறுப்பு வண்ணத்தைத் திறந்தான். தாத்தாவின் விரல் நடுங்கியது. "கொடு தாத்தா, நான் போடறேன்" என்று தூரிகையை வாங்கிக்கொண்டான்.